ஐந்து சட்டைகளும் ஓர் அளவுச் சட்டையும்

ஒஸ்லோ விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்ன சுங்க அதிகாரி ஓர் இளம்பெண். உள்ளே இருந்த இரும்புப் பட்டை வளையங்களை இரண்டு விரலால் தூக்கினார். சிறியதிலிருந்து பெரியதாக ஆறு வளையங்கள், நாடாவில் கோத்தவை. தூக்கியதும் கோழிக்கூடு போல விரிந்து தொங்கின. எக்ஸ்ரேயில் இவை எப்படித் தெரிந்தனவோ.

"இது என்ன?"

"பாவாடை" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பியப் பெண்கள் பாவாடைக்குள் கட்டிக்கொண்ட கூடு அது. அவர் படத்தையும் வளையத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதோடு கழிப்பறைக்கு எப்படிப் போவார்கள்?" என்று கேட்டார். அதைத் தைத்த நாளிலிருந்து எனக்கும் அதே சந்தேகம்தான். தெரியாது என்று தலையாட்டினேன். சிரித்துக்கொண்டே பெட்டியை மூடிக் கொடுத்தார்.

நான் திருச்சியில் பெண்களுக்குத் தைக்கிறவள். ரவிக்கை என் பிழைப்பு. கல்லூரி நாடகங்களுக்கு உடை தைப்பது என் பைத்தியம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் என் தெருவில் அகதியாகக் குடியிருந்த யாழ்ப்பாணத்து றெஜினா இப்போது ஒஸ்லோவில் இருக்கிறார். ஆடியில் வேளாங்கண்ணிக்கு வந்தவர் என் கடைக்கும் வந்தார். அவர்களுடைய தமிழ் மாதர் சங்கம் நோர்வே அயலவர்களை அழைத்து ஒரு நிகழ்ச்சி நடத்தப் போகிறதாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நூறு வருடத்தில் ஐரோப்பியப் பெண்களின் உடை எப்படி மாறியது என்று ஐந்து பெண்கள் ஐந்து உடைகளில் நடந்து காட்ட வேண்டும். தைத்துக் கொண்டுவந்து மாட்டிவிட வேண்டியது நான். ஒரு பை நிறைய ஐந்து பேரின் அளவுச் சட்டைகளையும் கொடுத்துவிட்டுப் போனார்.

அளவுச் சட்டை எங்கள் தொழிலில் பாதி. நன்றாகப் பொருந்தும் பழைய ரவிக்கை ஒன்றைக் கொடுத்துவிட்டால் போதும், யாரும் யார் உடம்பிலும் டேப் வைக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அதில் ஒரு நிம்மதி, எனக்கும்தான். அதனால் றெஜினா ஊருக்குக் கிளம்பும் முன்பே என்னைச் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குழுவில், "எல்லாரும் அளவுச் சட்டை கொடுத்து விடுங்கள், அதுவே போதும்" என்று நானேதான் எழுதியிருந்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தேன். நிகழ்ச்சி சனிக்கிழமை. மோர்டென்ஸ்ருட்டில் றெஜினாவின் வீடு, வரிசை வீடுகளில் ஒன்று. நவம்பர் என்பதால் நான்கு மணிக்கே ஊர் இருட்டிவிட்டது. முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து வந்த றெஜினா புட்டும் சூடை மீன் குழம்பும் வைத்தார். மறுநாள் காலை ரொட்டியின் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு பாலாடைக்கட்டியைச் சீவிப் போட்டார். வாயில் வைத்தால் பால்கோவாவில் உப்பு விழுந்த மாதிரி இருந்தது. "பழகினா விடமாட்டீங்கள் அக்கா" என்றார். எனக்குப் பழகும் உத்தேசம் இல்லை.

புதன்கிழமை பொருத்திப் பார்க்கும் நாள். வரவேற்பறையில் ஐந்தையும் காலவரிசைப்படி தொங்கவிட்டேன். முதல் உடை நூற்றாண்டின் தொடக்கம்: இடுப்பு என்பதே மார்புக்குக் கீழே ஏறிவிட்ட மெல்லிய மஸ்லின் அங்கி. அந்த மஸ்லின் அன்றைக்கு நம் நாட்டிலிருந்துதான் இவர்களுக்குப் போனது. இந்தக் குளிரில் அதை உடுத்திக்கொண்டு எப்படி உயிரோடு இருந்தார்களோ. இரண்டாவதில் இடுப்பு தன் இடத்துக்கு இறங்கியிருக்கும். கைகள் மட்டும் இரண்டு தலையணைகள். மூன்றாவது, கூடு வைத்த பாவாடை. நான்காவதில் அந்த விரிவெல்லாம் சுருங்கிப் பின்பக்கம் போய், இடுப்புக்குக் கீழே மூட்டையாக உட்கார்ந்திருக்கும். மேற்சட்டையோ உடம்போடு ஒட்டி, முன்னால் பதினாறு பொத்தான். ஐந்தாவது உடை, நூற்றாண்டின் கடைசி. இறுக்கியது போதும் என்று பெண்களே கேட்டு வாங்கிய தளர்வான உடை, தோளிலிருந்து நேராகத் தொங்கும்.

நான்கு பேர் வந்தார்கள். றெஜினாவுக்குக் கூடு. அதோடு அவர் வீட்டுக்குள் திரும்பியதில் மேசைமேல் இருந்த தண்ணீர்க் குவளை கீழே விழுந்தது. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அனிதாவுக்குத் தலையணைக் கை. "அக்கா, இதோடை நான் T-bane கதவுக்குள்ளை வரமாட்டன்" என்றாள். அது அவர்களுடைய சுரங்க ரயில். மற்ற இருவருக்கும் ஓர் ஊசிகூடக் குத்த வேண்டியிருக்கவில்லை.

நான்காவது உடைக்குரிய ஜெசிந்தா வரவில்லை. "எனக்கு இண்டைக்கு vakt" என்று செய்தி அனுப்பியிருந்தார். வக்த் என்றால் வேலைமுறை. அவர் மழலையர் பள்ளியில் வேலை செய்கிறவர். ஐந்திலும் அந்த உடைதான் என் உயிரை வாங்கியது. கால் அங்குலம் பிசகினாலும் காட்டிக் கொடுத்துவிடும். எனக்குக் கவலைப்பட ஒரு காரணம் கிடைத்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. புட்டு அப்படியே இருந்தது.

வியாழன் காலை சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு நானே ஜெசிந்தா குடியிருந்த ஹவுகன்ஸ்டுவாவுக்குக் கிளம்பினேன். நகரத்துக்கு வந்து, வழி எழுதிய தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, சரியான நடைமேடையில் தவறான ரயிலில் ஏறினேன். எதிரே ஓர் அம்மாள் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருந்தார். ஹவுகன்ஸ்டுவா எப்போது வரும் என்று கேட்டேன்.

"இது அங்கே நிற்காது" என்றார், பின்னுவதை நிறுத்தாமல்.

சொன்ன கையோடு ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது. லில்லெஸ்ட்ரோம் என்ற அடுத்த நிலையம் வரும்வரை வெளிச்சமே இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இதற்குள் பெட்டியில் பாதிப் பேர் எனக்கு வழி சொல்ல எழுந்திருப்பார்கள். இங்கே யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த அம்மாள் மட்டும் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த சட்டை விளிம்பைத் தொட்டு, "கைத்தையலா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இறங்கியதும் என் முழங்கையைப் பிடித்து, திரும்பிப் போகும் மெதுவான ரயில் நிற்கும் இடத்தில் விட்டுவிட்டுப் போனார். ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. ஒரு சுருள் ரொட்டி வாங்கினேன். கடித்தால் ஏலக்காய் மணம். பாயசத்தின் மணத்தை ரொட்டியில் எதிர்பார்க்காததால் கொஞ்ச நேரம் பதற்றம்கூட மறந்தது.

ஜெசிந்தா ஐந்தாவது மாடியில் இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும், கலகலவென்று பேசும் முகம். வீட்டுக்குள்ளேயே தொளதொளவென்ற கம்பளிச் சட்டையும் அதன்மேல் ஒரு சால்வையும் போட்டிருந்தார்.

"வாங்கோ அக்கா, இருங்கோ. தேத்தண்ணி குடியுங்கோ. என்னத்துக்கு இவ்வளவு தூரம் அலைஞ்சனீங்கள்?"

உள்ளே மசாலா வைத்து, சோமாசி மாதிரி மடித்த பற்றிஸ் பொரித்து வைத்திருந்தார். இரண்டு சாப்பிட்டேன். டேப்பை எடுத்ததும் அவர் முகம் மாறியது.

"அளவுச் சட்டை தந்தனான்தானே? அது காணும்."

"மத்ததுக்கு அது போதும்மா. இதுக்கு ஒரு தடவை உடம்புல வெச்சுப் பாக்கணும்."

"தாங்கோ, நான் போட்டுப் பாக்கிறன்" என்று வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஐந்து நிமிடத்தில் அதே கம்பளிச் சட்டையோடு திரும்பி வந்தார். "அளவாய் இருக்கு அக்கா. ஒண்டும் செய்யத் தேவையில்லை." சட்டை மடித்துப் பையில் போட்டபடியே வந்தது.

திரும்பும் ரயிலில்தான் பையைத் திறந்து பார்த்தேன். பயணத்தில் பொத்தான் பட்டி முறுக்கிக்கொள்ளக் கூடாது என்று நான் அதை வெள்ளை நூலால் ஓட்டித் தைத்து மூடி வைப்பேன். நூலை வெட்டாமல் சட்டையைத் திறக்க முடியாது. நூல் அப்படியே இருந்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. போட்டே பார்க்காமல் அளவாய் இருக்கிறதாம்! இந்தியக்காரி தைத்தது இவர்களுக்கு இளக்காரமோ? வந்த நாளிலிருந்து என் திருச்சிப் பேச்சையும் நான் போடும் டீயையும் கேலி செய்கிறவர்கள் என் தையலையும் கேலி செய்கிறார்களோ? அந்த ரயிலில் உட்கார்ந்து ஜெசிந்தாவோடு மனதுக்குள் முழுச் சண்டையும் போட்டு முடித்தேன்.

வெள்ளிக்கிழமை ஒத்திகைக்கும் அவர் வரவில்லை. மாலையில் செய்தி வந்தது: "அந்தச் சட்டையை வேறை ஆருக்கும் குடுங்கோ. குறை நினைக்காதேங்கோ." வேறு யாருக்குக் கொடுப்பது? ஒருத்தி உடம்புக்கென்று வெட்டிய துணி. நூற்றாண்டில் இருபது வருடம் காணாமல் போகப் போகிறது என்று றெஜினாவிடம் புலம்பினேன். அதோடு விடாமல், "உங்க ஜெசிந்தாவுக்கு ரொம்பத்தான் ஏத்தம்" என்றும் சொல்லிவிட்டேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த றெஜினா குழாயை மூடினார்.

"அக்கா, நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். அவவுக்கு மூண்டு வருசத்துக்கு முன்னம் ஒப்பரேசன் நடந்தது. மார்பிலை இடது பக்கம் எடுத்திட்டினம். இப்ப சுகம். ஆனா அதுக்குப் பிறகு அவ சாறி உடுத்து நான் காணேல்லை. கோயிலுக்கும் பெரிய கோட்டோடைதான் வாறவ, பூசை முடியுமட்டும் கழட்டமாட்டா."

"அப்ப அந்த அளவுச் சட்டை?"

"அது முந்தின சட்டை. கலியாண வீட்டுக்குப் போட்டது. குறூப்பிலை எல்லாரையும் தரச்சொல்லி நீங்கள் எழுதினீங்கள். இருபது பேர் பாக்கிற இடத்திலை அவ என்னெண்டு சொல்லுறது? இந்த நிகழ்ச்சியிலை நடக்கவேணுமெண்டு முதல் ஆளாப் பேர் குடுத்தது அவதான்."

முப்பது வருடமாகப் பெண்களுக்குத் தைக்கிறேன் என்று மார்தட்டுகிறவள் நான். ஒருத்தியின் பழைய உடம்பை மேசையில் விரித்து வைத்து வெட்டி, அதை அவள் வீட்டுக்கே கொண்டுபோய், "போட்டுக் காட்டு" என்று நின்றிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. சத்தமில்லாமல் அழுதேன், றெஜினாவும் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஜெசிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று கையில் எழுதிக்கொள்ளாத குறைதான்.

"ஜெசிந்தா, நீ போட வேண்டாம்மா. எனக்கு உதவிக்கு ஆள் இல்ல. பின்னால கயிறு இழுக்கணும், கொக்கி மாட்டணும், என் ரெண்டு கை பத்தாது. வரியா?"

"எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

தேவாலய மண்டபத்தின் பின்னறையில் ஐந்து சட்டைகளையும் இஸ்திரி போடுவதற்காக உட்புறம் வெளியே தெரியும்படி மேசையில் விரித்தேன். தற்செயலாக நடந்ததுபோல எழுதலாம். இல்லை, வேண்டுமென்றேதான் அப்படி விரித்தேன். அவர் கோட்டோடு வந்து நின்றார். தன் சட்டையின் உட்புறத்தைப் பார்த்தார். மார்புப் பக்கத்தில் இரண்டு பஞ்சுத் திண்டுகளைத் தைத்திருந்தேன்.

"இதென்ன அக்கா?" குரல் கடினமாக இருந்தது. "எனக்கு மட்டுமோ வைச்சனீங்கள்?"

"திருச்சியிலயே வெச்சு தைச்சதும்மா. மத்ததையும் தொட்டுப் பாரு."

ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மஸ்லினில் மெல்லியதாக. அனிதாவின் கைகளுக்குள் இரண்டு குட்டித் தலையணைகள், மார்பிலும் கொஞ்சம். றெஜினாவின் சட்டையிலும் இருந்தது. கடைசிச் சட்டையில் மட்டும் தேடித் தேடிப் பார்த்து, "இதிலை இல்லை" என்றார்.

"அது வரும்போதுதான் போதும்டா சாமின்னு விட்டாங்க. அதுக்கு முன்னால எல்லாருக்கும் பஞ்சுதான். அந்தக் காலத்து தையல்காரங்க அப்படித்தான் தைச்சாங்க. இடுப்பு ஏறுச்சு, இறங்குச்சு, பாவாடை விரிஞ்சுச்சு, அப்புறம் பின்னால போச்சு. பொம்பளைங்க உடம்பு மாறலம்மா. பஞ்சு வெக்கிற இடம்தான் மாறுச்சு."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்புதான்.

"அப்ப அவையளும் உள்ளுக்கை வைச்சுத்தான் திரிஞ்சிருக்கினம்."

"ஆமா."

"றெஜினா அக்கா சொல்லிப்போட்டா, என்ன?"

"சொன்னாங்க."

"நல்லது. நான் சொல்லத் தேவையில்லை." எழுந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "இடது பக்கம் கொஞ்சம் கூட வையுங்கோ அக்கா."

நிகழ்ச்சிக்கு நாற்பது நிமிடம் இருந்தது. என்னிடம் ஒரு பிடி பஞ்சுகூட மிச்சமில்லை. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சனிக்கிழமை மாலையில் எந்தக் கடைக்கு ஓடுவது? கண்ணில் பட்டது, அதற்குள் வந்து உடுத்தி நின்ற அனிதாவின் உப்பிய இடது கை. தையலைப் பிரித்து உள்ளேயிருந்து இரண்டு பிடி உருவினேன்.

"அக்கா! என்ரை ஒரு கை சப்பையாப் போச்சு!"

"நீ சிரிச்சுக்கிட்டே நட. யாரும் கையைப் பாக்க மாட்டாங்க."

அறையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சியதும் ஜெசிந்தா கதவைச் சாத்தினார், இந்த முறை நான் உள்ளே இருக்க. வெள்ளை நூலை அவரே வெட்டினார். நான் எதையும் உற்றுப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. திண்டை வைத்து நான்கு பக்கமும் தைத்தேன். பதினாறு பொத்தானையும் ஒவ்வொன்றாகப் போட்டேன்.

மண்டபத்தில் அறுபது எழுபது பேர், பாதிக்கு மேல் நோர்வேக்காரர்கள். அனிதா நோர்வே மொழியில் எழுதி வைத்திருந்ததை வேறொரு பெண் வாசித்தார். மஸ்லின் நடந்தது. தலையணைக் கை ஒன்று உப்பியும் ஒன்று தொய்ந்தும் நடந்தது; உண்மையிலேயே யாரும் பார்க்கவில்லை. றெஜினாவின் கூடு முதல் வரிசைப் பெரியவரின் காப்பிக் கோப்பையைத் தட்டிவிட்டது. அதற்கு ஒரு கைதட்டல்.

பிறகு ஜெசிந்தா. நான் திரைக்குப் பின்னால் நின்று அவர் எடுத்து வைக்கும் அடிகளை எண்ணினேன். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு இருபத்திரண்டு அடி. திண்டு நழுவினால்? தையல் விட்டால்? இவ்வளவு பேர் முன்னால் இவளைக் கொண்டுவந்து நிறுத்தியது நான்தானே? ஏழாவது அடியில் அவர் இடது கை மார்பருகே போனது. கை சால்வையைத் தேடியிருக்கிறது, இல்லையென்றதும் கீழே இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டி, "பின்னால் அந்த மூட்டையோடு எப்படி உட்காருவார்கள்?" என்று உரக்கக் கேட்டார். ஜெசிந்தா நின்று, நோர்வே மொழியில், "இப்படித்தான்" என்று சொல்லி, ஒரு நாற்காலியின் ஓரத்தில் பக்கவாட்டாக, நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்து காட்டினார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. திரையை ஒட்டி உட்கார்ந்திருந்த ஒருவர் மனைவியிடம் ஏதோ சொன்னார்; என் பக்கத்தில் நின்ற அனிதா அதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "அந்தச் சட்டை அவருக்கென்றே தைத்தது."

ஞாயிறு பூசை முடிந்ததும் ஜெசிந்தா றெஜினாவின் வீட்டுக்கு வந்தார். எனக்கு மறுநாள் விமானம். பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய பழைய அளவுச் சட்டையை மடித்துக் கொடுத்தேன். திறந்து பார்க்காமல் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அதே பையிலிருந்து ஒரு துணியை எடுத்தார். மாம்பழ மஞ்சள் பட்டு, ரவிக்கைத் துண்டு.

"வாங்கி மூண்டு வருசமாக் கிடக்குது. தைச்சு அனுப்புவீங்களோ?"

"அளவுக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டேன்.

அவர் கோட்டைக் கழற்றினார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். மெல்லிய உள்சட்டையோடு அறையின் நடுவில் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினார்.

"அளவு எடுங்கோ அக்கா."

நடுவிலிருந்து வலப்பக்கம் அளந்தேன். நடுவிலிருந்து இடப்பக்கம் அளந்தேன்.

"பஞ்சு வைக்கவாம்மா?"

"வேண்டாம். இது எனக்கு."

நோட்டை எடுத்தேன். மார்பு என்று எழுதி ஓர் எண் போடுவதுதான் முப்பது வருட வழக்கம். மார்பு என்று எழுதினேன். கீழே, வலது ஒன்பதரை. இடது எட்டேகால்.